அம்மிணிக்கு ஈரம் ஆகாது

உலக நாகரிகத்தின் வரலாறு என்பது தண்ணீர் தெளித்த வரலாறு. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் திருவனந்தபுரம் வலியசாலையில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற சீனியர் சூப்பிரண்டு அனந்தநாராயணன். நைல் நதிக்கரையிலும் சிந்து நதிக்கரையிலும் மனிதன் ஏன் குடியேறினான்? விவசாயத்துக்காக என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது. சாப்பிட்ட இடத்தை உடனே அலம்பித் துடைக்கப் பக்கத்திலேயே தண்ணீர் வேண்டும், அதற்காகத்தான் குடியேறினான். நைல், சிந்து என்ற அந்தப் பெருமைமிக்க வரிசையில் அவர் தம் ஊரில் ஓடும் கிள்ளியாற்றையும் சேர்த்திருந்தார். கிள்ளியாற்றில் இப்போது இறங்கினால், கரையேறிக் குளிக்க வேறொரு ஆறு தேட வேண்டும். அது வேறு விஷயம்.

அரசு அலுவலகம் ஒன்றில் அவர் நெடுங்காலம் பணியாற்றியவர். மேஜையில் வைத்துச் சாப்பிடுபவர்கள் சாப்பிட்ட கையோடு மேஜையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று அவர் அனுப்பிய சுற்றறிக்கை அங்கே இன்றும் பேசப்படுகிறது. மேஜைகளில் கோப்புகளும் இருந்தன. மை கலைந்து, பொதுமக்களின் நாள்பட்ட குறைகள் பல ஒரே மதிய இடைவேளையில் தீர்ந்துபோயின. இப்பேர்ப்பட்ட ஞானம் ஓய்வுக்குப் பின் வீணாகக் கூடாது என்று தெருக்காரர்கள் அவரைத் தங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்குத் தலைவராக்கினார்கள். வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம் என்பதால் அது ஏகமனதான தேர்வு.

வீட்டில் அவர் ஆட்சி இன்னும் செம்மையாக நடந்தது. யார் சாப்பிட்டு எழுந்தாலும், எழுந்த சூட்டோடு அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட வேண்டும். எச்சில் பிரட்டுவது என்று அந்த வீட்டில் அதற்குப் பெயர். அவருக்கோ மனைவி பகவதிக்கோ மகள் மீனுவுக்கோ ஒரு முறை துடைத்தால் போதும். முக்கியமான விருந்தாளி என்றால் கூடுதல் கவனம் உண்டு.

மீனுவோடு, நகரக் கோடியிலுள்ள கழக்கூட்டத்தில், ஒரே ஐடி கம்பெனியில் வேலை செய்யும் சஜின் ஒரு நாள் சாப்பிட வந்தபோது அந்தக் கவனத்தை எல்லோரும் பார்த்தார்கள். சஜின் பாறசாலைப் பக்கத்துப் பையன். அப்பா யோசுவா ரப்பர் வியாபாரி, அம்மா எலிசாள் சர்ச் பாடகர் குழுவில் பாடுபவள், வீட்டில் பேசுவது தமிழ். மீனு அவனைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தாள். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வேளைச் சாப்பாடு ஆகட்டும் என்று கூட்டி வந்தாள். அன்று மேஜையில் மற்ற எல்லோருக்கும் சாதாரண எவர்சில்வர் தட்டு. சஜினுக்கு மட்டும், மேஜையின் ஒரு கோடியில், வாழையிலை. மீனுகூட அதை மரியாதை என்றுதான் நினைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் சஜின் தன் இலையைத் தானே மடித்து எடுத்துப் போய்க் கொல்லையில் போட்டான். யாரும் தடுக்கவில்லை. விருந்தாளியின் விருப்பத்தில் தலையிடுவது அந்த வீட்டுப் பழக்கமில்லை. அவன் கை அலம்பிக்கொண்டு திரும்புவதற்குள் அவன் உட்கார்ந்திருந்த இடம் மூன்று முறை துடைக்கப்பட்டிருந்தது. கடைசி முறை மஞ்சள் தண்ணீர். நாற்காலியும் சேர்த்து. கூடம் முழுக்க ஈரம் மினுங்க, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் அந்தப் பையன் வாசற்படியில் நின்றுகொண்டே "நல்ல சாப்பாடு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு எந்த விருந்தாளிக்கும் அந்த வீட்டில் இப்படி ஒரு கௌரவம் கிடைத்ததில்லை.

மீனு ஈர மேஜையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அடுத்த வாரமே கழக்கூட்டத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குக் குடிபோனாள். ஆபீஸ் பக்கம் இருந்தால் பெட்ரோல் மிச்சம் என்று அனந்தநாராயணன் தெருவில் விளக்கம் சொன்னார். பெட்ரோல் விலை அப்போது குறைந்திருந்தது.

அந்த ஹாஸ்டல் அறையில்தான் மீனு அம்மிணியை வளர்த்தாள். அம்மிணி ஒரு டரான்டுலா. உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்தி. பூர்வீகம் மெக்சிகோவின் வறண்ட காடு. கறுப்புக் கால்களின் முட்டியில் ஆரஞ்சுச் சிவப்புப் பட்டை. சாந்தமான குணம், யாரிடமும் பேச்சு வார்த்தை கிடையாது. நாய் வளர்ப்பதெல்லாம் பழைய தலைமுறையோடு போயிற்று. இன்றைய இளைஞர்கள், கூப்பிட்டால் வராத, தடவிக் கொடுத்தால் பிடிக்காத, வளர்ப்பவரை இன்னார் என்று அறியாத பிராணிகளையே விரும்புகிறார்கள். பெற்றோரை வைத்துப் பழகியதால் வந்த பக்குவம் என்று சிலர் சொல்வதுண்டு.

கம்பெனி மீனுவை ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. அம்மிணியை எங்கே விடுவது? ஹாஸ்டல் தோழிகள் மறுத்தார்கள். சஜின் வீட்டிலோ, எலிசாளுக்குச் சுவரில் பல்லியைக் கண்டாலே ரத்த அழுத்தம் ஏறும். வேறு வழியில்லாமல் மீனு ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வலியசாலை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பத்து நாளைக்கு ஒரு சுவர்க்கோழிப் பூச்சி போட்டாப் போரும்ப்பா. மிச்சம் வச்சா எடுத்துடணும். மண்ணு காஞ்சு கிடக்கணும், ஈரம் ஆகவே ஆகாது. ஒரு மூலையில குடிக்க வெள்ளம் வச்சாச் சரி. அவ்வளவுதான்."

அனந்தநாராயணன் கவனமாகத் தலையாட்டினார். ஆனால் எழுத்து மூலம் வராத உத்தரவுக்குக் கீழ்ப்படிவது அவருடைய பணிக்கால மரபிலேயே இல்லை.

"திரும்பி வரச்சே ஆத்துக்கு வருவியோன்னோ?" என்று மட்டும் கேட்டார்.

மீனு சற்று யோசித்தாள். "அம்மிணிய எடுத்துக்க வருவேன்" என்றாள்.

அதாவது, அம்மிணி இருந்தால் மகள் வருவாள். இல்லாவிட்டால் வருவதற்கு அவளுக்கு வேலையில்லை. இது அனந்தநாராயணனுக்கு நன்றாகப் புரிந்தது. பெட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து வாங்கிக்கொண்டார். சிலந்தி பயம் என்று பகவதி நினைத்தார்.

*

பெட்டி கூடத்தில் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் வைக்கப்பட்டது. சுத்த சைவக் குடும்பத்தில் சுவர்க்கோழி எப்படி நுழையலாம் என்ற சட்டப் பிரச்சினை முதல் நாளே எழுந்தது. சுவர்க்கோழி கொல்லை வழியாக, உயிரோடு வரலாம். கண்ணாடிக்குள் போன பிறகு நடப்பது அவர்களுடைய உள்விவகாரம் என்று தம்பதி சமரசத்துக்கு வந்தார்கள்.

ஆனால் பத்து நாளைக்கு ஒரு முறைதான் சாப்பாடு என்பதை அனந்தநாராயணனால் ஏற்க முடியவில்லை.

"நம்மாத்துக்கு வந்திருக்கறவள பட்டினி போடச் சொல்றாளே, இது என்ன வளர்ப்பு?" என்றார்.

"பெரிய பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணினாலும் அவளுக்கு லோக ஞானம் கம்மியாக்கும்" என்றார் பகவதி.

ஆகவே காலை ஒன்று, மாலை ஒன்று என்று சுவர்க்கோழிகள் பெட்டிக்குள் இறங்கின. அம்மிணி ஒன்றைத் தின்றாள். மற்றவை அங்குமிங்கும் திரிந்து, அலுத்து, இயற்கையாகவே காலமாயின. ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் அனந்தநாராயணன் வெள்ளிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, விரலால் பெட்டிக்குள் சுற்றிலும் தெளித்துச் சுத்தி செய்தார். சாப்பிட்ட இடமல்லவா. ஆடி மாதத்துக் கர்க்கடக மழையின் குளிர் தாக்கிவிடக் கூடாதென்று மூடியின் காற்றுத் துளைகளை ஒரு துண்டால் போர்த்தியும் வைத்தார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. செய்யப்படாமல் இருந்தது ஒன்றே ஒன்று. மிச்சம் கிடந்த சுவர்க்கோழிகளை யாரும் எடுக்கவில்லை. அது எச்சில், போதாததற்குப் பிரேதம். தொட்டால் குளிக்க வேண்டும்.

"பொண்ணு ஒங்க கையிலதானே குடுத்தா?" என்றார் பகவதி. "நான் அரிசி களையற கை."

"நான் சந்தியாவந்தனம் பண்ற கை" என்றார் அனந்தநாராயணன்.

வீட்டில் இருந்த நான்கு கைகளுக்கும் உயர்ந்த பொறுப்புகள் இருந்ததால், சுவர்க்கோழிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் மேல் நாள்தோறும் தூய நீர் மட்டும் தெளிக்கப்பட்டது.

கொஞ்ச நாளில் பெட்டிக்குள் ஓர் அதிசயம் தோன்றியது. மண்ணின் மேலும் கண்ணாடி ஓரத்திலும் மெல்லிய வெள்ளைப் பொடி. பகவதி மெய்சிலிர்த்துப்போனார். கேட்காமலே வந்த விபூதி என்று ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். விபூதி நடக்காது என்பது, இட்டுக்கொண்ட விபூதி புருவம் வரை நடந்து போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்று அவர் தலைக்குக் குளித்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

அனந்தநாராயணன் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் குட்டிக் கால்கள். சிற்றுண்ணிகள். செத்த சுவர்க்கோழிகளின் மேல் மாநாடு நடத்திக்கொண்டிருந்தன. சில, அம்மிணியின் வாயருகிலும் ஏறியிருந்தன. அம்மிணி கண்ணாடியில் கால்களை உயர்த்தி, மண்ணில் படாமல் நிற்க முயன்றாள். அவள் முன்போல் நடமாடுவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் கவனத்துக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மீனுவின் வீடியோ அழைப்பு வந்தது. வாரம் ஒரு முறை வரும். அப்பா சௌக்கியமா என்று அவள் கேட்பதில்லை.

"அம்மிணியக் காட்டுங்கோ."

அவர் தூரத்திலிருந்து, ஜன்னல் வெளிச்சம் கண்ணை மறைக்கும் கோணத்தில் காட்டினார்.

"கிட்டக் காட்டுங்கோப்பா. ஒண்ணும் தெரியல."

"இங்க ரேஞ்சு கொஞ்சம் மோசமாக்கும். மழைன்னா மழை."

"நன்னா சாப்பிடறாளா?"

"அதெல்லாம் ஒரு குறையும் வைக்கல" என்றார். அது மட்டும் முழு உண்மை. அவளிடமே கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் கேட்பதற்கு முன் தவறு நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அனந்தநாராயணன் தவறு செய்ததாகப் பதிவு எதுவும் அதுவரை இல்லை.

*

சிக்கலான நேரங்களில் நாகரிக சமூகம் செய்வதையே அவர் செய்தார். கமிட்டியைக் கூட்டினார்.

அசோசியேஷன் நிர்வாகக் குழுவின் அவசரக் கூட்டம் அவர் வீட்டுக் கூடத்தில், அம்மிணியின் முன்னிலையில் நடந்தது. வராதவர்கள் மழையைக் காரணம் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் நேந்திரங்காய் சிப்ஸ் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார்கள். செயலாளர் ஜெயகுமார் சாலை என்னும் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்பவர், எதையும் தீர்மானமாக நிறைவேற்றாமல் உறங்காதவர். அவர் எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சாமி, முதல்ல ஒரு காரியம் தெளிவாகணும். இந்த உண்ணி நம்ம தெருவுல உண்டானதா, வெளியிலேர்ந்து வந்ததா? வெளியிலேர்ந்துன்னா பக்கத்துத் தெரு அசோசியேஷனுக்கு ஒரு லெட்டர் போட்டே தீரணும்."

"அது பின்னால பாத்துக்கலாம். இப்ப என்ன செய்யணும்?" என்றார் அனந்தநாராயணன்.

"மருந்தடிச்சாத் தீர்ந்துச்சு."

"அம்மிணியும் தீர்ந்துடுவாளே."

"அப்ப உண்ணிக்கு மட்டுமா அடிப்போம்."

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், உண்ணிக்குப் படும் மருந்து சிலந்திக்கும் படும் என்று விளக்கினார். அப்படிப் பாகுபாடு தெரியாத மருந்தை அரசு எப்படி அனுமதிக்கிறது என்று ஜெயகுமார் ஆத்திரப்பட்டார். அதற்கும் ஒரு கண்டனம் குறித்துக்கொள்ளப்பட்டது. சாம்பிராணி போடலாம் என்றார் ஒருவர். வேப்பெண்ணெய் என்றார் இன்னொருவர். பெட்டியை வடக்குப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும் என்றார் மூன்றாமவர். அவர் மருமகன் வாஸ்து பார்ப்பவன்.

பேராசிரியர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தச் செத்த பூச்சிகள ஆருமே எடுக்கலியா? அதுமேலதானே உண்ணி கூடியிருக்கு?"

கூடத்தில் சிப்ஸ் மெல்லும் சத்தம்கூட நின்றது.

"வாஸ்தவம்தான்" என்றார் ஜெயகுமார். "பட்சே அத எடுக்கணும்னா ஆள் வேணுமே."

"ஆள் வேணும்" என்றார் அனந்தநாராயணன்.

"இப்ப ஆள் எங்க கிடைக்குது?" என்று எல்லோரும் ஒருமித்துப் பெருமூச்சு விட்டார்கள். கேள்வி கேட்ட பேராசிரியர்தான் எல்லோரையும்விட ஆழமாகப் பெருமூச்சு விட்டார்.

முடிவில் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. சிற்றுண்ணிகளை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது. காலை மாலை இரு வேளையும் தெளிக்கும் தண்ணீரில் இனி மஞ்சள் கலக்கப்படும். 'எச்சம் அகற்றும் துணைக்குழு' ஒன்று உடனடியாக அமைக்கப்படும். துணைக்குழுவில் ஆலோசகர்களாக இருக்க எல்லோரும் பெருந்தன்மையோடு இசைந்தார்கள். உறுப்பினர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

அந்தக் காலியிடத்துக்கு ஷீஜா பொருத்தமாக இருப்பாள் என்று ஜெயகுமாருக்குத் தோன்றியது. பச்சை உடுப்புப் போட்டு வீடு வீடாக பிளாஸ்டிக் கழிவு சேகரிக்க வரும் பெண் அவள். அடுத்த முறை அவள் வந்தபோது தலைவரும் செயலாளரும் வாசலிலேயே எதிர்கொண்டு உள்ளே அழைத்தார்கள். அழைத்தது கொல்லை வழியாக. முன்வாசல் அப்போதுதான் கோலம் போட்டிருந்தது.

ஷீஜா பெட்டியைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

"எண்ட சாரே, இது என்ன எட்டுகாலியா, ஞண்டா?"

"அத விடு. உள்ள கிடக்கற பூச்சிய எடுத்துப் போட்டாப் போரும்" என்றார் அனந்தநாராயணன்.

"பிளாஸ்டிக்கா?"

"இல்ல."

"அப்ப எடுக்கப் பாடில்ல சாரே. ஈரமுள்ளது ஒண்ணும் நாங்க எடுக்காது. கழுகி உணக்கித் தந்தா, அதும் பிளாஸ்டிக் மட்டும். சாரு தானே எல்லா வீட்டுலயும் நோட்டீசு ஒட்டினது?"

உண்மைதான். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் மட்டுமே எடுக்கப்படும் என்ற அந்த நோட்டீசில் அவர் கையெழுத்துத்தான் இருந்தது. தன் சட்டத்தால் தானே கட்டுண்ட அரசன் போல் அனந்தநாராயணன் தலை நிமிர்ந்து நின்றார். ஷீஜா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாகவே போனாள். அவள் நின்ற இடத்தில் பகவதி தண்ணீர் தெளித்தார். அதில் கொஞ்சம் பெட்டிக்குள்ளும் தெறித்தது.

*

மீனு திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூஜைக்குப் பூ எடுக்கப் போன பகவதி கூடத்திலிருந்து கத்தினார்.

"ஏன்னா, ஓடி வாங்கோ! அம்மிணி மல்லாந்து கிடக்கறா!"

அம்மிணி முதுகு தரையில் பட, எட்டுக் கால்களும் மேல் நோக்கி மடங்க, அசையாமல் கிடந்தாள். சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தன.

"போயிட்டாளா?"

அவர் பெட்டிமேல் குனிந்து பார்த்தார்.

"பொண்ணோட ஜீவன். பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அப்ப தீட்டு நமக்குத்தானா? நான் அடுப்பு மூட்டலாமா கூடாதா?" என்று பகவதி கேட்டுக்கொண்டே இருந்தார். அழுகைதான் அப்படிக் கேள்வியாக வந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட நுணுக்கமான கேள்விகளுக்கெல்லாம் உடனுக்குடன் தீர்ப்புச் சொல்லிப் பழகிய அனந்தநாராயணன் அன்று ஸ்டூலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். இனி அவள் வரமாட்டாள். விமான நிலையத்திலிருந்து நேரே கழக்கூட்டம் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்காது. அந்தச் சமயத்தில்தான் போன் அடித்தது.

"அம்மிணியக் காட்டுங்கோ."

"மீனு" என்றார். போனைப் பெட்டிப் பக்கம் திருப்பினார்.

"ஐயோ, மல்லாந்திருக்காளே! தொட்டேளா? தொடாதேங்கோ! அவ சாகலப்பா. தோல் உரிக்கறா. அப்படித்தான் மல்லாந்துண்டு உரிப்பா."

"சாகலயா?"

"சாகல. மொதல்ல கிட்டக் காட்டுங்கோ... இதென்ன வெள்ளையா? உண்ணியா? இவ்வளவு உண்ணியா? மண்ணு ஏன் சேறா இருக்கு? இத்தனை சுவர்க்கோழி செத்துக் கிடக்கறதே, யாருமே எடுக்கலயா?"

ஒவ்வொரு வேளையும் தான் தவறாமல் தண்ணீர் தெளித்ததையும், மஞ்சள் கலந்ததையும், கமிட்டி கூடியதையும், துணைக்குழு அமைந்ததையும் அனந்தநாராயணன் எடுத்துச் சொன்னார். கடைசியில், "எல்லாம் பண்ணியாச்சு. எச்சில் எடுக்க மட்டும் ஆள் கிடைக்கல" என்றார்.



"புதுத் தோல் பிஞ்சுத் தோல்ப்பா. உண்ணி ஏறினா அவ தாங்கமாட்டா. இப்பவே எடுத்தாகணும்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "சஜின அனுப்பட்டுமா?"

அனந்தநாராயணன் முகம் மலர்ந்தது. "அனுப்பு, அனுப்பு! உடனே வரச்சொல்லு. தங்கமான பையன்! எனக்கு மொதல்லயே அது தோணாமப் போச்சு பாரு!"

மறுபக்கம் சத்தமே இல்லை. ரேஞ்சு போய்விட்டதோ என்று அவர் போனைத் தட்டிப் பார்த்தார். ரேஞ்சு இருந்தது.

"வேண்டாம்ப்பா" என்றாள் மீனு. "நீங்களே எடுங்கோ."

"நானா?"

"ஒங்க கையால. அவ பக்கம் போகாம, ஓரத்துலேர்ந்து ஒவ்வொண்ணா எடுங்கோ. நான் பாத்துண்டிருக்கேன்."

பகவதி போனைப் பிடித்துக்கொண்டார். அனந்தநாராயணன் சட்டைக் கையை மடக்கினார். எத்தனையோ உத்தரவுகளில் கையெழுத்திட்ட அந்த வலது கை பெட்டிக்குள் இறங்கியது. முதல் சுவர்க்கோழி ஊறிப்போய் விரலில் பிசுபிசுத்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் காகிதத்தில் போட்டார். வானம் இடிந்து விழவில்லை. இரண்டாவதை எடுத்தார். போகப் போகக் கண்ணைத் திறந்துகொண்டே எடுத்தார். எல்லாம் எடுத்து முடிக்க, பல் தேய்க்கும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

காகிதத்தை மடித்து வைத்தார். இடது கை பழக்கப்படி பக்கத்தில் எதையோ தேடியது.

"அப்பா" என்றாள் மீனு திரையிலிருந்து. "சொம்பக் கீழ வையுங்கோ."

*

அம்மிணி அன்று மாலைக்குள் பழைய தோலைச் சட்டைபோல் கழற்றிப் போட்டாள். அவள் உடல் உரம் ஏறும் வரை மூடியைத் திறந்துவைத்து மேலே வலை போட்டு, மின்விசிறிக் காற்று பட வைத்தார்கள். பிறகு மீனு போனில் சொல்லச் சொல்ல, ஓட்டை போட்ட ஒரு காலி டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஒரு டம்ளரால் மெதுவாக நகர்த்தி, அதற்குள் அவளை விட்டார் அனந்தநாராயணன். கால் முட்டிகளில் மிஞ்சியிருந்த உண்ணிகளை வாஸ்லைன் தொட்ட மெல்லிய தூரிகையால் ஒற்றி எடுத்தார். பழைய மண் முழுவதும் போயிற்று. பெட்டி வெந்நீரில் கழுவிக் காயவைக்கப்பட்டது. புதிதாகப் போட்ட தென்னைநார்த் தூள் உலர்ந்து பொலபொலவென்று கிடந்தது. ஒரு வாரத்தில் உண்ணி என்ற பேச்சே இல்லை. புதுத் தோலில் அம்மிணி பட்டுப் புடவை கட்டியவள் மாதிரி ஜொலித்தாள்.

இத்தகைய சாதனையை அசோசியேஷன் சும்மா விடுமா? மீனு வரும் நாளிலேயே 'சிற்றுண்ணி ஒழிப்பு வெற்றி விழா' ஏற்பாடாயிற்று. வாசலில் பேனர். கூடத்தில் நாற்காலிகள். விழாவை முன்னிட்டுத் தரை இரண்டு முறை ஈரத்துணியால் துடைக்கப்பட்டிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஜெயகுமார் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"நாமெல்லாம் கண்டிச்சதோட நின்னோம்" என்று மைக்கில் முழங்கினார். "சாமிதான் களத்துல இறங்கினாரு. காலைல வெள்ளம், வைகுன்னேரம் வெள்ளம். மஞ்ச வெள்ளம்! தெளிச்சுத் தெளிச்சே உண்ணிய ஓடவச்ச மகானாக்கும் இவரு!"

பலத்த கைதட்டல். தலைவர் மறுத்துப் பேசவில்லை. மேடையில் பேச்சாளரை இடைமறிப்பது நாகரிகமல்ல.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் மீனு உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து, ஸ்டூலிலிருந்த பெட்டியிடம் போனாள். மூடிமேல் யாரோ சார்த்தியிருந்த பிச்சிப்பூ மாலையை எடுத்து அப்பால் வைத்தாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை அனந்தநாராயணன் பார்த்தார். அவருக்கும் கலங்கியது.

"நன்னாப் பாத்துண்டிருக்கேள்ப்பா" என்றாள். மேஜை துடைக்கப்பட்ட அந்த நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

"சாப்டுட்டுப் போடி" என்றார் பகவதி. "ஒனக்காக எரிசேரி பண்ணியிருக்கேன்."

"வண்டி நிக்கறதும்மா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பொன்னாடையோடு அனந்தநாராயணன் பின்னாலேயே போனார். கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் சஜின் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்து, "நமஸ்காரம் அங்கிள்" என்று சொல்லிப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கேட்டைத் தாண்டி ஓர் அடிகூட உள்ளே வைக்கவில்லை.

அனந்தநாராயணன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, மகள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அவன உள்ள வரச்சொல்லு மீனு. சாப்டட்டும். இலையெல்லாம் வேண்டாம். நம்மகூடவே, தட்டுலயே சாப்டட்டும்."

மீனு நின்றாள். சஜினைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ இளகியது. ஒரு காலைத் திருப்பி வாசற்பக்கம் எடுத்தும் வைத்தாள். திறந்திருந்த கதவு வழியே கூடம் தெரிந்தது. இவ்வளவு நாளும் அம்மிணி இருந்த ஸ்டூலைப் பகவதி சொம்பும் துணியுமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு முறை. இரண்டாம் முறை. மூன்றாவதற்கு ஜெயகுமார் மஞ்சள் தண்ணீரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மீனு எடுத்துவைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா" என்றாள். "அவன் சாப்ட்டு எழுந்துண்டா நீங்க மறுபடியும் ஈரமாக்குவேள். ஈரமானா உண்ணி வரும்."